பேருந்தைப் பார்த்தாலே கை நடுங்குகிறது

கேள்வி: எனக்கு வயது 38. விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். ஏழு வாரத்துக்கு முன்னால் ஓர் இரவு, நான் வந்த தனியார் பஸ் நெடுஞ்சாலையில் நின்றிருந்த லாரியின் பின்னால் மோதியது. எனக்குக் காறை எலும்பு முறிவு, நெற்றியில் தையல். வாந்தி வருகிறது என்று சொன்ன ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு என் ஜன்னல் சீட்டைக் கொடுத்திருந்தேன். அந்தப் பெண் இறந்துவிட்டாள். எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. இரவு இரண்டரை மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று முதலிலிருந்து கேட்கிறார்கள். அம்மா மந்திரிக்கக் கூட்டிப் போனார். நாத்தனார் தான் போடும் தூக்க மாத்திரையில் பாதி தருகிறார், பத்து நாளாகப் போடுகிறேன். எங்கே போனாலும் கணவரின் பைக்கில்தான். அடுத்த மாதம் வேலைக்குப் போக வேண்டும், பஸ்ஸை விட்டால் வழியில்லை. மனநல டாக்டரிடம் போனால் ஊரில் வேறு மாதிரிப் பேசுவார்கள். வீட்டிலேயே நானே செய்துகொள்ளக்கூடியது ஏதாவது உண்டா? அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா? நான் வாசல் தாண்டினாலே என் ஒன்பது வயது மகன் அழுகிறான். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரை விஷயம் காத்திருக்காது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாத்தனார் நல்ல எண்ணத்தில்தான் கொடுக்கிறார். ஆனால் அது அவருக்காக எழுதப்பட்ட மாத்திரை. பெரும்பாலான தூக்க மாத்திரைகள் சில வாரங்களிலேயே உடம்பைப் பழக்கப்படுத்திவிடும். அப்புறம் அது இல்லாமல் தூங்க முடியாது. இப்படிப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்தில் இந்த வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் மருத்துவர்களுக்கே அறிவுறுத்தியது. நீங்கள் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு போய் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார். அதுவரை அளவைக் கூட்டாதீர்கள். அதே டாக்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள். நெற்றியில் தையல் என்றால் தலையில் அடிபட்டிருக்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, ஞாபக மறதி, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று ஏதாவது இருந்தால் சொல்லிவிடுங்கள். மூளை குலுங்கியதாலும் இதே தூக்கக் கோளாறு வரும். எல்லாவற்றையும் பயத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியது உண்டா? நிறையவே உண்டு. ஆனால் உடம்பைத் தாங்கிக்கொள்வதும் பயத்துக்கு ஒதுங்கிக்கொள்வதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். முதலாவது உங்களைத் தேற்றும். இரண்டாவது அன்றைக்கு நிம்மதி தரும், ஆனால் பயத்தை வளர்த்துவிடும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதைப் பற்றித்தான்.

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு' என்று உங்களிடம் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தச் செய்தி உங்கள் அறிவுக்குப் போய்ச் சேர்ந்த அளவுக்கு உடம்புக்குப் போய்ச் சேரவில்லை. மூளையில் ஆபத்தைக் கண்காணிக்கும் பகுதி, அந்த இரவில் இருந்த எல்லாவற்றையும் ஆபத்தின் அடையாளமாகக் குறித்து வைத்திருக்கிறது. ஹாரன், டீசல் வாசனை, இருட்டில் தெரியும் சிவப்பு விளக்கு எல்லாம் அதில் அடங்கும். ஹாரன் கேட்டதும் நீங்கள் யோசிப்பதற்கு முன்பே இதயம் துடித்துவிடுகிறது. இது மனத்தளர்ச்சியும் இல்லை, பைத்தியமும் இல்லை. உயிரைக் காப்பாற்றுவதற்காக இருக்கும் ஏற்பாடு இன்னும் வேலையை நிறுத்தவில்லை, அவ்வளவுதான். விபத்தில் சிக்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில், சில மாதங்களில் தானாக அடங்கும். உங்களுக்கு ஒரு மாதம் தாண்டியும் நீடிக்கிறது என்பதைக் கவனத்தில் வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு வருகிறேன்.

திடீரென்று படபடப்பு வரும்போது 'நல்லா மூச்சை இழுத்து விடு' என்று யாராவது சொல்வார்கள். இழுப்பதில் கவனம் வேண்டாம். பெரிதாக இழுத்து இழுத்து விட்டால் தலை சுற்றும், பயம் கூடும், காறை எலும்பும் வலிக்கும். சாதாரணமாக இழுங்கள், விடுவதை மட்டும் மெதுவாக நீட்டுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணி இழுத்தால் ஆறு எண்ணி விடுங்கள். வெறும் காலைத் தரையில் அழுத்தி வைத்து, கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள்: இன்று இந்தத் தேதி, நான் என் வீட்டு அடுப்படியில் நிற்கிறேன், எதிரே குக்கர் இருக்கிறது, பக்கத்து வீட்டில் டிவி ஓடுகிறது. முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடித்துக்கொள்வதும் உதவும். பயம் இல்லாத நேரத்தில் தினமும் இரண்டு மூன்று முறை பழகி வைத்தால்தான் பயம் வந்த நேரத்தில் கைகொடுக்கும். பூக்கட்டத் தெரியுமென்றால் சாயங்காலம் அதற்கு உட்காருங்கள். விரலும் கண்ணும் சேர்ந்து வேலை செய்யும் எந்தக் காரியமும் மனதை இந்த நிமிடத்தில் நிறுத்தும்.

தூக்கத்துக்கு எழுந்திருக்கும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரவு எப்படிப் போனாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து, கொஞ்ச நேரம் வெயில் படுமாறு வாசலில் நடங்கள். பகலில் படுத்துக் கடனை அடைக்கப் பார்க்காதீர்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். இரண்டரைக்கு விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள். போனை எடுக்கவே எடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் சுவாரசியமே இல்லாத ஒரு வேலையைச் செய்யுங்கள். துணி மடியுங்கள், பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டுங்கள். கண் சொக்கும்போது திரும்பி வந்து படுங்கள். படுக்கை என்றாலே விழித்துக்கொண்டு பயப்படும் இடம் என்று உடம்பு பழகிவிடக் கூடாது, அதற்காகத்தான் இது.

ஒரே கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்தால், பகல் வெளிச்சத்தில் அந்தக் கனவின் முடிவை உங்களுக்குப் பிடித்தபடி மாற்றி ஒரு தாளில் எழுதுங்கள். பஸ் ஒரு டீக்கடையில் நிற்கிறது, எல்லாரும் இறங்குகிறார்கள் என்று எழுதலாம். அர்த்தம் பார்க்க வேண்டாம். அந்த மாற்றிய கதையைத் தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பாருங்கள். கேட்கச் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், ஆனால் கெட்ட கனவுகளுக்கு எங்கள் துறையில் பயன்படுத்தும் முறைகளில் இதுவும் ஒன்று. செய்யும்போது படபடப்பு அதிகமானால் நிறுத்திவிடுங்கள்.

விபத்தின் சிசிடிவி வீடியோ ஏதாவது ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருந்தால் அதைப் பார்க்காதீர்கள். கணவரிடம் சொல்லி உங்கள் போனிலிருந்து அழித்துவிடச் சொல்லுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் துக்கம் விசாரிப்பது கடமை. வராமல் இருந்தால்தான் குற்றம். ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் நீங்கள் அந்த இரவை முதலிலிருந்து சொல்லிக் காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 'எல்லாத்தையும் கொட்டிடு, பாரம் குறையும்' என்பது பாதிதான் உண்மை. நம்பிக்கையான ஒருவரிடம் உங்களுக்கு வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்குச் சொன்னால் குறையும். கேட்கிறவர் வசதிக்குச் சொன்னால் கூடும். விபத்து நடந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவரை உட்கார வைத்து ஒரே அமர்வில் எல்லாவற்றையும் சொல்ல வைப்பதைப் பல நாடுகளில் 1980-களிலும் 90-களிலும் ஒரு சிகிச்சையாகவே செய்தார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்தில் அடிபட்டவர்களை அப்படிப் பேச வைத்து, 3 ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் அதிகம் கலங்கிப்போயிருந்தவர்களில், பேச வைக்கப்பட்டவர்களின் நிலைமைதான் மோசமாக இருந்தது. பயிற்சி பெற்றவர்கள் கேட்டதற்கே இந்தக் கதி. ஒன்றுவிட்ட சித்தப்பா காபி குடித்துக்கொண்டே கேட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

ஆகவே ஒரு வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: 'இப்ப பரவாயில்லைங்க, அதைப் பத்திப் பேசினா ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது.' சொல்லிவிட்டு, ஊரில் மழை எப்படி என்று நீங்களே பேச்சை மாற்றுங்கள். முடியாவிட்டால் கணவரோ அம்மாவோ வாசலிலேயே சுருக்கமாகச் சொல்லி அனுப்பட்டும். காவல் நிலையத்திலும் விபத்து இழப்பீட்டு வழக்கிலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அதற்கு நடந்ததை ஒரு நாள் பகலில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்துக்குள் எழுதி வைத்துவிடுங்கள். கேட்கும் இடத்தில் அதைப் பார்த்துச் சொல்லலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். மனநலச் சிகிச்சைக்கு ஆகும் செலவு ரசீதுகளையும் எலும்புச் சிகிச்சை ரசீதுகளோடு சேர்த்தே வையுங்கள்.

மந்திரித்ததைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தயக்கத்தோடு எழுதியிருப்பதாகத் தோன்றியது. பயந்தவர்களுக்கு மந்திரிப்பதும், தர்காவில் ஓதித் தண்ணீர் தெளிப்பதும், திருஷ்டி கழிப்பதும் நம் ஊரில் காலங்காலமாக இருப்பவை. ஒரு பெரியவர் தலையில் கைவைத்து 'இனி ஒன்றும் ஆகாது' என்று சொல்வதில் ஆறுதல் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கும் அதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அடிப்பது, பட்டினி போடுவது, பெரிய தொகை கேட்பது, 'டாக்டரிடம் போகாதே' என்று சொல்வது, இந்த நான்கும் இல்லாதவரை போய்வாருங்கள்.

சரி, பஸ்.

இதுதான் முக்கியம். கணவர் பைக்கில் கொண்டுபோய் விடுவது அன்பு. முதல் சில வாரங்களுக்கு அது தேவையாகவும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை பஸ்ஸைத் தவிர்க்கும்போதும் உடம்பு ஒரு கணக்குப் போடுகிறது: பஸ்ஸில் ஏறவில்லை, அதனால்தான் பிழைத்தேன். பஸ்ஸில் ஏறியும் ஒன்றும் ஆகவில்லை என்று அறிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. அதே நேரம், வேலைக்குச் சேரும் அன்றைக்குக் காலை எட்டரை மணிக் கூட்டத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவதும் தப்பு. இப்போதே, படிப்படியாக ஆரம்பியுங்கள்.

முதலில் கணவரோடு போய் ஊர் பஸ் நிறுத்தத்தில் சும்மா உட்காருங்கள். பஸ் வரும், போகும். படபடப்பு வரும். அது ஏறி, ஒரு உச்சிக்குப் போய், கொஞ்சம் இறங்கும் வரை அங்கேயே இருங்கள். அரைமணி நேரமோ முக்கால் மணி நேரமோ ஆகட்டும். பயம் உச்சியில் இருக்கும்போது எழுந்து வந்துவிட்டால் 'ஓடியதால் தப்பித்தேன்' என்ற பழைய கணக்கே உறுதியாகும். ஒரே படியை நான்கைந்து நாள் செய்யுங்கள், அலுப்புத் தட்டும் வரைக்கும். அலுப்பு நல்ல அறிகுறி. அடுத்து, பஸ் நிலையத்தில் புறப்பட நேரம் இருக்கும் வண்டியில் ஏறி உட்கார்ந்து, அது கிளம்பும் முன் இறங்கிவிடுங்கள். கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னால் பெரும்பாலும் புரிந்துகொள்வார். அப்புறம், கூட்டம் இல்லாத பதினோரு மணி வாக்கில் ஒரே ஒரு ஸ்டாப். உங்கள் மாவட்டத்தில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குப் பணம் கிடையாது. ஒரு ஸ்டாப்பில் இறங்கி, அடுத்த வண்டியில் திரும்பி வந்து, மறுபடி ஏறினாலும் செலவில்லை. அந்தத் திட்டத்தைப் போட்டவர்கள் இப்படி ஒரு பயனை யோசித்திருக்க மாட்டார்கள்!

முதலில் கணவர் பக்கத்தில் உட்காரட்டும். பிறகு பின் சீட்டில். பிறகு அடுத்த ஸ்டாப்பில் பைக்கோடு காத்திருக்கட்டும். ஜன்னல் சீட் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பயணமும் நெடுஞ்சாலையும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஒரு நாள் முடியாமல் பாதியில் இறங்கினால், மறுநாள் அதற்கு முந்தின படியிலிருந்து தொடங்குங்கள். இதில் கணவர் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: 'இதுக்குப் போய்ப் பயப்படுறியா' என்பது. இதை இந்தப் பக்கத்தோடு அவரிடம் காட்டுங்கள். கை நடுங்கிக்கொண்டே ஏறுவதுதான் நோக்கம். நடுக்கம் நின்ற பிறகு ஏறலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும்.

வேலைக்குச் சேரும் தேதிக்குள் இது முழுக்க முடியாமல் போகலாம். அப்போது அரை நாள் வேலையோ கூடுதல் விடுப்போ கேட்க மருத்துவச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மொத்தமாக வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி. ஜன்னல் சீட்டைக் கொடுத்த நொடியில் உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பெண்ணுக்கு வாந்தி வருகிறது, ஜன்னல் ஓரம் காற்று வரும். அவ்வளவுதான் தெரியும். லாரி நிற்பது தெரியாது. இன்றைக்குத் தெரிந்ததை வைத்துக்கொண்டு அன்றைக்கு இருந்த உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். லாரியை அங்கே நிறுத்தியவருக்கும் பஸ்ஸை ஓட்டியவருக்கும் உள்ள பொறுப்பைப் போலீஸும் கோர்ட்டும் பார்க்கும். அந்தக் கணக்கில் உங்கள் பெயர் இல்லை. இதை நான் சொல்லிவிட்டதால் குற்ற உணர்ச்சி போய்விடாது என்பதும் எனக்குத் தெரியும். அது வரும்போது விரட்டிக்கொண்டிருக்காமல், அழ வேண்டும் என்று தோன்றினால் அழுங்கள். ஒரு சின்னப் பெண் செத்துப் போயிருக்கிறாள், நீங்கள் அவளோடு கடைசியாகப் பேசியவர். அதற்கு அழுவது நோய் இல்லை.

அவள் வீட்டுக்குப் போகலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். இப்போது போனால் நீங்கள் மன்னிப்புக் கேட்கத்தான் போவீர்கள். மகளைப் பறிகொடுத்த பெற்றோர் உங்களைத் தேற்ற வேண்டிய நிலை வரும், இல்லையென்றால் அவர்கள் கோபம் உங்கள் மேல் இறங்கும். இரண்டையும் இந்த நேரத்தில் இரு தரப்பும் தாங்க முடியாது. கொஞ்சம் தேறிய பிறகு, இரு வீட்டுக்கும் தெரிந்த ஒருவர் மூலம், அவர்களுக்கு உங்களைப் பார்க்க விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். விருப்பம் என்றால் போங்கள். மகள் கடைசியாக என்ன பேசினாள் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் பெற்றோரும் உண்டு.

டாக்டரிடம் போவது பற்றி மழுப்பாமல் சொல்கிறேன். ஒரு மாதத்தைத் தாண்டியும் தூக்கமின்மை, திடுக்கிடல், தவிர்த்தல், குற்ற உணர்ச்சி எல்லாம் சேர்ந்து நீடித்தால், அது பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய கோளாறா என்று நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கடிதத்தை வைத்து நான் பெயர் சூட்ட மாட்டேன். அப்படியே இருந்தாலும் நல்ல சிகிச்சை இருக்கிறது. மருந்தைவிடப் பேச்சுச் சிகிச்சைக்கு அதில் முக்கிய இடம் உண்டு. பயந்த நினைவை ஒருவர் துணையோடு பாதுகாப்பாக அணுகும் முறைகள் அவை, பெரும்பாலும் சில மாதங்களில் முடிந்துவிடும். பஸ் படிகளை நீங்களே ஏறலாம். நினைவின் படிகளுக்குத் துணை வேண்டும்.

ஊர்ப் பேச்சுக்குப் பயமென்றால், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவமும் மனநல மருத்துவமும் ஒரே வளாகத்தில்தான். நீங்கள் எந்த சீட்டோடு எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்? அதுவும் கூச்சமாக இருந்தால் புதுச்சேரி ஜிப்மர் தூரமில்லை. கிளம்புவதற்கு முன் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவை அது. இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். 'அந்த இடத்தில் நான் போயிருக்கலாமே' என்ற எண்ணம் சாக வேண்டும் என்ற எண்ணமாக மாறினால் நாள் பார்க்க வேண்டாம். அன்றைக்கே அந்த எண்ணுக்குப் பேசுங்கள், கணவரிடமும் சொல்லுங்கள், அவசரம் என்றால் மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

மகனுக்கு: அவன் அழுவதற்குக் காரணம் இருக்கிறது. ஓர் இரவு அம்மா சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அதனால் 'ஒண்ணும் ஆகாதுடா' என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள், தாமதமானால் போன் செய்யுங்கள். அவனுக்குத் தெரியாமல் நழுவிப் போகாதீர்கள். விபத்தைப் பற்றி அவன் கேட்டால் ரத்தம், சாவு என்ற விவரமில்லாமல் உண்மையைச் சொல்லுங்கள். பள்ளி நேரமும் விளையாட்டு நேரமும் பழையபடி நடக்கட்டும். வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பள்ளிக்குப் போக மறுப்பது, படுக்கையை நனைப்பது போன்றவை இன்னும் சில வாரம் தொடர்ந்தால், நீங்கள் டாக்டரைப் பார்க்கப் போகும் அன்றைக்கே அவனையும் கூட்டிப் போங்கள்.